வேரும் மெருகும்

மக்கட் கலை என்னும் தொடர் இன்று கற்றோர் நாவில் மிக எளிதாகப் புழங்குகின்றது. கருத்தரங்குகளில் அதற்குத் தனி அமர்வு உண்டு. ஆய்வேடுகளில் அதற்குத் தனி இயல் உண்டு. கலைவிழாக்களில் அதற்குத் தனி மேடையும் உண்டு. ஆயினும் அத்தொடரின் பின்னாலேயே வேறொரு சொல் தவறாது வந்துசேர்கின்றது. 'மெருகு' என்பது அச்சொல். கிராமத்திற் கண்டெடுத்த பாடல் மெருகூட்டப்பட்டது என்பர்; கூத்து மெருகூட்டப்பட்டு அரங்கேறியது என்பர். எவர் கண்ணுக்காக மெருகு, எவர் கையால் மெருகு, மெருகிடும்போது உராய்ந்து உதிர்ந்தது யாது என்ற வினாக்களை எழுப்புவோர் அரியர். உதிர்ந்தது அழுக்கே என்று கொள்வது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் பிழையானது மட்டுமன்று, அநீதியானதும் ஆகும்.

இதனை நிறுவுவதற்கு உள்ளூர்ச் சான்றுகள் பல உள. எனினும் உள்ளூரிற் பற்றும் மரியாதையும் கண்ணை மறைக்கும். பேராசான்மார் செய்த பணியை எடைபோடுவது குருநிந்தை என்று கருதப்படும். ஆதலின் முதலிற் கடல் கடந்து, மற்றொரு தீவிற் பிறந்த ஓர் இசைத்தட்டின் வரலாற்றை நோக்குதல் தகும். அதன் பின் எழுவைதீவுக்கு மீள்வது எளிது.

அத்தீவு யமேக்கா. அவ்விசைத்தட்டு 1975ஆம் ஆண்டு வெளிவந்த 'மார்க்கஸ் கார்வி'. பாடியோர் பேர்னிங் ஸ்பியர் என்ற பெயர் கொண்ட மூவர் குழுவினர்: வின்ஸ்ரன் றொட்னி, றூப்பேட் வில்லிங்ரன், டெல்றோய் ஹைன்ஸ். எரியும் ஈட்டி என்று பொருள்படும் அக்குழுப் பெயர் கென்யாவின் விடுதலைத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவோடு தொடர்புடையது. வேர் றெகே என்று வழங்கும் இசைவகையின் தலையாய படைப்புகளுள் ஒன்றாக இவ்விசைத்தட்டு இன்று எண்ணப்படுகின்றது. அதனை வெறும் கேளிக்கை ஒலியென ஒதுக்கும் தமிழறிஞரும், அதன் பெயரை ஆடையில் அச்சிட்டு அணிந்து மகிழும் இளைஞரும், இருசாராருமே அதன் வரலாற்றை அறிந்திலர்.

யமேக்காவின் அடிமைமுறை 1834இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1838இலேயே முழு விடுதலை வாய்த்தது. விடுதலை பெற்றோர் தோட்டங்களை விட்டு நீங்கவே, அவர்தம் இடத்தை நிரப்ப 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பான்மையோர் வட இந்தியர். சென்னைத் துறைமுகத்தின் வழிச் சென்றோரும் அவருள் இருந்தனர். இலங்கையின் மலையகத்திற்குத் தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்ட அதே காலம் அது. ஏற்றுமதித் தோட்டம், மலிந்த கூலி என்ற அதே பொருளாதார ஏற்பாடு அது. ஆகவே யமேக்காவின் பாடல் தமிழருக்கு முற்றிலும் அந்நியமான கதை என்று கூறுவார் வரலாற்றைப் பாதியே படித்தவராவர்.

அந்நாட்டில் ஆபிரிக்க வழிவந்த மேளம் ஒருபோதும் மதிப்புப் பெற்றிருக்கவில்லை. புறூ என்னும் மேளமரபு தலைநகர் கிங்ஸ்ரனின் மேற்குச் சேரிகளில் வாழ்ந்தது. பெருமேளம், பண்டே, றிப்பீற்றர் என மூன்று தோற்கருவிகள் கொண்டது அது. சிறையினின்று மீண்டவரை அச்சேரி மக்கள் அம்மேளம் முழக்கியே வரவேற்றனர். மாதாகோவிலுக்குச் செல்லும் மதிப்புடைய குடும்பங்கள் அவ்வொலி கேட்டுச் சாளரங்களைச் சாத்தின. அம்மேளத்தைத் தம் வழிபாட்டின் நடுவிடத்தில் வைத்தோர் றஸ்தபாரிகள். எதியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியைத் தெய்வமெனப் போற்றிய அவ்வியக்கத்தினரை அரசு துன்புறுத்தியது. இயக்க முன்னோடியான லெனாட் ஹொவெல் 1940இல் நிறுவிய பினக்கிள் குடியிருப்பு 1954இற் பொலிசாரால் அழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற மறு ஆண்டாகிய 1963இலும் கோறல் கார்டன்ஸ் நிகழ்வையொட்டி றஸ்தபாரிகள் பலர் பிடித்து வதைக்கப்பட்டனர். அந்நிகழ்வுக்காக நாட்டின் பிரதமர் மன்னிப்புக் கோரியது 2017ஆம் ஆண்டிலேயே.

றெகே என்ற இசைவடிவம் 1968 அளவில் உருப்பெற்றது. அதன் தாள இயல்பைக் கருநாடக இசைப் பயிற்சியுடையோரும் கருத்தூன்றிக் கேட்டல் நன்று. நான்கு எண்ணிக்கை கொண்ட வட்டத்தில் முதலெண்ணை வெறுமையாக விட்டு மூன்றாம் எண்ணில் முழவின் முழுப் பாரமும் விழும். பிற மேலையிசையிற் பின்னணியில் நிற்கும் மந்தரத் தந்திக் கருவி இங்கு முன்னே நின்று பண்ணையே சுமக்கும். குரலோ அதன் மேல் ஓதுவாரின் விருத்தம்போல் விரிந்து செல்லும். இவை யாவும் தற்செயலாக நேர்ந்தவையல்ல. வானொலி இடங்கொடாத மக்கள் தம் தெருக்களிற் பெரும் ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டுகளை முழக்கினர். வெட்டவெளியில், நெஞ்சக்கூட்டில் அதிரும்படி கேட்பதற்கென்றே அவ்விசை செய்யப்பட்டது. கோவில் திருவிழாவிற் பனையிலும் பூவரசிலும் ஒலிபெருக்கி கட்டிக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

வின்ஸ்ரன் றொட்னி புனித ஆன் மாவட்டத்தைச் சேர்ந்தவர். கறுப்பின மக்களின் தலைவர் மார்க்கஸ் கார்வி 1887இற் பிறந்ததும் அம்மாவட்டத்திலேயே. றொட்னி 1969இற் பாடத் தொடங்கியவர். சில ஆண்டுகளின் பின், ஒச்சோ றியோஸ் நகரில் ஒலிபெருக்கிக் குழு நடத்திய ஜாக் றூபி அவரைக் கிங்ஸ்ரனின் றாண்டிஸ் பதிவுக்கூடத்திற்கு அழைத்துச்சென்றார். றொபி ஷேக்ஸ்பியர், அஸ்ரன் பரெற், லெறோய் வொலஸ், ஏர்ள் சின்னா ஸ்மித் முதலிய தேர்ந்த கலைஞர் பின்னணி இசைத்தனர். முதலில் றூபியின் ஒலிபெருக்கிகளில் மட்டும் ஒலிப்பதற்கென்றே செய்யப்பட்ட பாடல், கேட்ட மக்களின் வேண்டுகை காரணமாக இசைத்தட்டாயிற்று. பின்னர் முழுத் தொகுதியும் உருவாயிற்று.

பாடுபொருள் யாது? கார்வி என்ற மனிதரை நாடு மறந்துவிட்டது என்ற துயரமும், அடிமைக்காலத்தை நினைவிற் கொள்ளுமாறு விடுக்கும் அறைகூவலுமே. கார்வி 1914இல் உலகளாவிய நீக்ரோ முன்னேற்றச் சங்கத்தை நிறுவினார். 1919இற் கறுப்பு நட்சத்திரக் கப்பற் கம்பனியைத் தொடக்கினார். அமெரிக்காவிற் சிறையிடப்பட்டு 1927இல் நாடுகடத்தப்பட்டார். 1940இல் இலண்டனிற் காலமானார். அவருடல் 1964இல் யமேக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் முதலாவது தேசிய வீரர் எனப்பட்டார். அரசு சமாதி கட்டிவிட்டது. ஆனால் பதினொரு ஆண்டுகளின் பின்னும், அவர் பிறந்த மாவட்டத்துப் பாடகன் ஒருவன் அவரை எவரும் நினைப்பாரில்லை என்று பாடவேண்டியிருந்தது. கல்லில் வைத்த மரியாதைக்கும் நெஞ்சில் வைத்த நினைவுக்கும் உள்ள வேறுபாட்டை அப்பாடகன் அறிந்திருந்தான்.

இவ்விடத்து மற்றொன்றும் நோக்கற்பாலது. கார்வி றஸ்தபாரி அல்லர். 1930களின் பிற்பகுதியில் ஹைலே செலாசியைக் கடுமையாகக் கண்டித்தவர் அவர். எனினும் றஸ்தபாரிப் பாடகரே அவரை மீட்டெடுத்தனர். நினைவுகூர்தல் என்பது முன்னோர் சொன்னதைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்தலன்று. அவரைத் தம் தேவைக்கேற்பத் தம் குரலில் மீள அழைத்தலாகும். மக்கட் கலை இவ்வாறே இயங்குகின்றது. அதனைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காப்போர் அதன் இயல்பை அறியாதோர்.

யமேக்காவில் அவ்விசைத்தட்டு பெருவரவேற்புப் பெற்றது. அதனைக் கண்ணுற்ற இலண்டன் நகரத்து ஐலண்ட் நிறுவனம் உலகச் சந்தைக்கென அதனை வெளியிட்டது. ஆனால் உள்ளவாறே வெளியிடவில்லை. வெள்ளையின இளைஞர் செவிக்கு இதமாகும்பொருட்டு ஒலிக்கலவை மாற்றப்பட்டது, முரட்டொலி தணிக்கப்பட்டது. மெருகு இடப்பட்டது. இவ்வழியை அந்நிறுவனம் முன்னரும் கையாண்டிருந்தது. பொப் மார்லியின் வெய்லர்ஸ் குழு 1973இல் வெளியிட்ட 'கச் ஏ பயர்' தொகுதியின் யமேக்கப் பதிவின் மேல் இலண்டனில் றொக் இசைக் கிற்றாரும் விசைப்பலகையும் சேர்க்கப்பட்டன. மார்லி அதற்கு உடன்பட்டிருந்தார். றொட்னிக்கு நேர்ந்ததோ வேறு. தம் படைப்பின் உருவை வேற்றார் மாற்றியதை அவர் விரும்பவில்லை. அதன் விளைவாகவே ஸ்பியர் என்ற பெயரில் தமக்கெனச் சொந்த வெளியீட்டகம் ஒன்றை அவர் தொடங்கினார். 1977ஆம் ஆண்டுத் தொகுதியின் தயாரிப்புப் பொறுப்பையும் தாமே மேற்கொண்டார்.

இங்கு எழக்கூடிய தடைவினா ஒன்றுண்டு. ஐலண்ட் நிறுவனம் எடுத்துச் சென்றிராவிடின் அவ்விசைத்தட்டை உலகம் கேட்டிருக்குமா? மெருகு இல்லையேல் வரவேற்பு ஏது? இவ்வினாவை எளிதிற் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. பணமும் கப்பலும் விளம்பரமும் அந்நிறுவனத்திடமே இருந்தன. அதன் வழியாகவே அக்குரல் இலண்டனையும் நியூயோர்க்கையும் எட்டியது. இது மறுக்கப்படாத உண்மை. ஆனால் எடுத்துச்செல்லுதல் வேறு, மாற்றியமைத்தல் வேறு. ஓடக்காரன் இல்லாமற் கடலைக் கடத்தல் இயலாது என்பதனால், ஏறியவனின் நாவை அறுக்கும் உரிமை ஓடக்காரனுக்கு வந்துவிடுவதில்லை. மேலும், அம்முரட்டொலியைத் தாங்கும் செவி வெளியே இல்லை என்பது வணிகர் செய்த முடிவேயன்றிக் கேட்டோர் செய்த முடிவன்று. கேட்டோரிடம் எவரும் கேட்கவில்லை. தணிக்கப்படாத பாடலைத் தெருவில் நின்று கேட்டு, அதனை இசைத்தட்டாக வேண்டுமென்று வற்புறுத்திய யமேக்க ஏழைகளே அவ்விசையின் முதல் திறனாய்வாளர். அவர்தம் தீர்ப்பே காலத்தில் நின்றது.

2018ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் யமேக்காவின் றெகே இசையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. அதன் மேளத்தை முழக்கியோரின் குடிசைகளை இடித்த அரசே அவ்வறிவிப்பை வரவேற்றது. கலையைப் போற்றுவது எளிது. கலைஞனைப் பொறுத்துக்கொள்வதே கடினம்.

இனி உள்ளூருக்கு வருதல் தகும். ஈழத்தில் நாட்டுக்கூத்துக்குக் கற்றோர் அவையில் இடம்பெற்றுத் தந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1956இல் சரச்சந்திராவின் 'மனமே' சிங்கள அரங்கிற் பெற்ற வெற்றி தமிழரிடையேயும் வினாக்களை எழுப்பியது. 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகிய கூத்துகளை அவர் மேடையேற்றினார். மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு பட்டதாரி மாணவர் சலங்கை கட்டி ஆடினர். கூத்தாடி என்ற சொல் வசையாக வழங்கிய சமூகத்தில் இது துணிவான செயல். அத்துணிவை மறுப்பார் இலர், மறுத்தலும் அறமன்று.

ஆயினும் அங்கு நிகழ்ந்ததும் ஒலிக்கலவை மாற்றமே. விடியும்வரை ஆடப்பட்ட கூத்து ஒன்றரை மணி நேர அளவிற்குச் சுருங்கியது. நாற்புறமும் மக்கள் சூழ அமர்ந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டும் நோக்கும் படச்சட்ட மேடையாயிற்று. ஆட்டம் செப்பமுற்றது, ஒளியமைப்பு வந்தது. நகரத்து அவையோர் கைதட்டினர். ஆனால் விடியற்காலையில் வரவுத்தாளம் கேட்டு உறக்கம் கலைந்து எழும் பிள்ளையும், ஆடுவோனை உறவுமுறை சொல்லி அழைத்துக் கேலிபேசும் கிழவியும், பிழையாக மிதித்தவனைத் திருத்தும் ஊர்ப் பெரியவரும் அம்மேடைக்கு வரவில்லை. கூத்தின் பாதி அவர்களே அல்லவா? அவையினர் பார்வையாளராக மாறிய கணத்திற் கூத்துக் காட்சியாகிவிட்டது. இதனை இழப்பு என்று பதிவுசெய்யாமல் வளர்ச்சி என்று மட்டும் எழுதிவரும் நூல்கள் உண்மையின் ஒருபக்கத்தையே கூறுகின்றன.

மாற்றமே கூடாது என்பது இதன் பொருளன்று. 1969இல் மௌனகுரு வடமோடி ஆட்டமுறையிற் படைத்த 'சங்காரம்' பழைய வடிவிற் புதிய பொருளை வைத்தது. சாதியையும் வர்க்கத்தையும் அரக்கராக்கி ஆட்டத்தில் இறக்கியது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் முன்றலில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அப்போராட்டச் சூழலிற் பிறந்த 'கந்தன் கருணை' காத்தவராயன் கூத்துப் பாணியில் ஊர்கள்தோறும் ஆடப்பட்டது. இவற்றிலும் வடிவம் மாறியது. ஆயின் எதற்காக மாறியது? அவையோர் செவிக்கு இதமாவதற்காகவன்று. ஆடுவோர்க்கும் காண்போர்க்கும் சொல்லவேண்டிய செய்தி ஒன்று இருந்தமையால். மெருகுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னது வாங்குவோன் ஏவலாற் செய்வது. பின்னது உடையோன் தேவையாற் செய்வது.

இவ்வேறுபாட்டை மறந்து மறுகோடிக்கு ஓடுவோரும் உளர். கலப்பே கேடு, தூய தமிழிசையே வேர் என்பது அவர் கொள்கை. அவர்க்கும் யமேக்காவே விடையிறுக்கின்றது. வேர் இசை என்று பெயர்கொண்ட றெகே முழுக்க முழுக்கக் கலப்பில் விளைந்தது. ஆபிரிக்க மேளம், ஆங்கிலேயரின் விவிலியம், அமெரிக்க வானொலியிற் கேட்ட பாடல்கள், ஐரோப்பியர் செய்த கருவிகள் யாவும் அதில் உள. இந்தியக் கூலிகளோடு சென்ற 'கஞ்சா' என்ற சொல்கூட றஸ்தபாரிகளின் நாவில் வாழ்கின்றது. வேர் என்பது கலப்பின்மையன்று. நினைவும் அதன்மேல் உள்ள ஆட்சியும் தம் கையில் இருத்தலே வேர்.

ஈழத்து நிலையும் அதுவே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழிவந்தோர் புத்தளம் சிறாம்பியடியில் இன்றும் மஞ்ஞாப் பாடல்களைப் பாடுகின்றனர். பைலா என்ற இசைவகையின் துள்ளலில் அவ்வாபிரிக்கத் தாளமும் உறைகின்றது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் தமிழிற் பொப்பிசை பாடியபோது அத்துள்ளல் யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளுக்கும் வந்தது. பண்டிதர் முகஞ்சுளித்தனர்; பந்தலின் கீழ் இருந்தோர் தாளம் போட்டனர். ஆபிரிக்கத் தாளம் தமிழ் மண்ணுக்கு அந்நியம் என்போர் நானூறு ஆண்டுக் கடல் வரலாற்றை அழித்துவிட்டே அதைக் கூறவேண்டும்.

தமிழர் தம் சொந்த மேளத்தை நடத்திய முறையோ இதனினும் கொடிது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுக்கும்போது தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்தே எண்ணுகின்றது. பறையற்ற நிலம் நிலமாகாது என்பதே அதன் கருத்து. நெய்தலுக்கு மீன்கோட்பறை, நாவாய்ப் பறை என்பன உரியவை என்று பிற்கால அகப்பொருள் இலக்கணம் வகுத்தது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு சிறந்த குடிகளெனச் சுட்டும் நான்கனுள் பாணனும் பறையனும் அடங்குவர். இவ்வளவும் ஏட்டில் உண்டு, தேர்விலும் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்திற் பறைமேளம் சாவீட்டு வாயிலில் நிறுத்தப்பட்டது. அதை முழக்கியோர் அவ்வாயிலைத் தாண்ட விடப்படவில்லை. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது; சட்டம் வந்தபின்னும் கோவிற் கதவுகள் திறப்பதற்குப் போராட்டம் வேண்டியிருந்தது.

ஆதலால் மேளம் முழக்கியோரின் பிள்ளைகள் பலர் அதனைக் கீழே வைத்துவிட்டனர். அது அடிமைத்தனத்தின் அடையாளமாகத் தம் கழுத்திற் கட்டப்பட்டது என்பதை அவர்கள் உணர்ந்தனர், அறுத்தெறிந்தனர். இன்று மேடையில் நின்று "அருங்கலை அழிகின்றதே" என்று புலம்பும் கனவான்கள் இச்செய்தியைச் சொல்வதில்லை. பறை அழிந்தமைக்கு அதை விட்டவர் பொறுப்பாளியல்லர். விடும்படி இழிவுசெய்தவரே பொறுப்பாளி. புறூ மேளம் இழிவிலிருந்து மீண்டது எவ்வாறு? வெளியார் எவரும் வந்து அதற்குப் பொன்னாடை போர்த்தவில்லை. அம்மக்களே அதற்குப் புதிய பொருள் கொடுத்துத் தம் கோவிலில் ஏற்றினர். பறையின் மீட்சியும் அதன் உரியோர் கையிலேயே தங்கியுள்ளது. அவர் வேண்டாமென்றால் அவ்வேண்டாமையையும் மதித்தல் ஆய்வாளன் கடன்.

இவ்வளவும் எழுவைதீவுக்கு எவ்வாறு பொருந்தும்? யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பரந்துள்ள சப்த தீவுகளுள் எழுவைதீவும் ஒன்று. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறியே அங்குச் செல்லவேண்டும். பனையும் கடலுமே அதன் செல்வம். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று, அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு ஆங்கிலத்தில் இன்றும் டெல்வ்ற் என்றே வழங்குகின்றது. பெயரிடுதல் உடைமையாக்குதலின் முதற்படி. தீவகத்து மக்களோ தம் பழைய பெயர்களைத் தம் நாவிற் காத்தனர். எழுதிவைத்த ஆணையைப் பேச்சு வென்றது.

அந்நாவிலேயே வேறு பலவும் இருந்தன. வலை இழுக்கையிலும் தண்டு வலிக்கையிலும் பாடப்பட்ட அம்பாப் பாடல்கள் நெய்தல் நிலத்துத் தொழிலாளரின் மூச்சளவை. ஒருவன் அடியெடுத்துக் கொடுக்கப் பலர் ஏலேலோ என்று ஏற்றுப் பாடும் அமைப்பு, அடிமைத் தோட்டங்களில் ஆபிரிக்கர் பாடிய வேலைப் பாடலின் அமைப்போடு ஒத்தது. இருவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று கூறத் தேவையில்லை. பாரம் இழுக்கும் தோள்கள் எங்கும் ஒரே இலக்கணத்தையே காண்கின்றன. இயந்திரப் படகு வந்தபின் தண்டுக்குரிய பாட்டுக்கு வேலையில்லாது போயிற்று. 1990களில் தீவகத்து மக்களிற் பெரும் பகுதியினர் இடம்பெயர்ந்தனர். பலர் கடல் கடந்து சென்றுவிட்டனர். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து சென்ற குமுதினிப் படகிற் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அக்கடலின் நினைவு இன்னும் பாடப்படவேண்டியதாகவே உள்ளது.

இப்பாடல்கள் பதிவுசெய்யப்படவேண்டும் என்பதிற் கருத்து வேறுபாடில்லை. எவ்வாறு, எவர் ஆணையின் கீழ் என்பதே வழக்கு. இன்றைய வழமை யாவரும் அறிந்ததே. பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் பதிவுக்கருவியோடு படகிற் செல்வார். முதியவர் ஒருவர் பாடுவார். ஆய்வாளர் மாலைப் படகில் மீள்வார். பட்டம் ஆய்வாளருக்கு, பதிவு பெட்டகத்திற்கு, பாடியவர் பெயர் 'தகவலாளி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள். பின்னர் இசை தெரிந்த ஒருவர் அப்பாடலை எடுத்து, கொச்சைச் சொல்லை நீக்கி, வயலின் சேர்த்து, விழா மேடைக்கு ஏற்றவாறு மெருகிடுவார். எழுவைதீவு அதனை ஒருபோதும் கேட்பதில்லை.

இலண்டன் வணிகன் றொட்னிக்குச் செய்தது இதனினும் சிறிய குற்றம். அவன் இசைத்தட்டின் உறையிற் பாடகன் பெயரையாவது அச்சிட்டான். அறிவுலகம் அதனையும் செய்வதில்லை. வணிகன் இலாபத்துக்காகச் செய்தான் என்று அவனைச் சாடும் பேராசிரியர், தம் நூற்பட்டியல் நீளுவதற்காகத் தாம் செய்வதை யாதென்று அழைப்பார்?

எனவே கேட்கப்படவேண்டியவை வெளிப்படையானவை. பாடியவர் விரும்பின் அவர் பெயர் முன்னட்டையிலேயே வருதல் வேண்டும். அவர் பாடியது வெட்டின்றி, திருத்தமின்றி, இருமலும் கடலோசையும் உட்பட முழுமையாகக் காக்கப்படல் வேண்டும். அதன் முதற்படி அவர் கையில், அவர் ஊர் வாசிகசாலையில் இருத்தல் வேண்டும். முதன்முதற் கேட்கும் அவை எழுவைதீவின் அவையாதல் வேண்டும். பிழையென்று அவர் சொன்னாற் பிழையெனக் கொள்ளல் வேண்டும். மேடைக்கு எடுப்போர் அவர் இசைவு பெற்றே எடுத்தல் வேண்டும்; ஈட்டம் உண்டாயின் அதிற் பங்கு அவர்க்குரியது. வேண்டாமென்று அவர் மறுப்பின், கருவியை மூடிக்கொண்டு படகேறுவதே அறம்.

இவ்விதிகளால் ஆய்வு தடைப்படும் என்று அஞ்சுவோர் இருக்கலாம். தடைப்படுவது ஆய்வன்று, ஆய்வாளனின் அவசரமே. றொட்னி தம் வெளியீட்டகத்தைத் தொடங்கியதனால் றெகே அழிந்துவிடவில்லை. உரியவன் கைக்கு உரிமை வந்தபின் பாடல் ஊமையாகிவிடும் என்று நினைப்பது, அடிமை விடுதலையானாற் கரும்பு விளையாது என்று கூறிய தோட்டத்துரையின் நினைப்பேயாகும்.

எழுவைதீவின் கரையில் இன்னும் சில குரல்கள் உள. அவை முதியவை, அவற்றுக்குக் காலம் அதிகமில்லை. அவற்றைத் தேடிச் செல்வோர் ஒலிவாங்கியை நீட்டுமுன், எவருக்காக நீட்டுகின்றோம் என்ற விடையை அக்கரையில் நின்று உரக்கச் சொல்லும் துணிவு உடையவராக இருத்தல் வேண்டும். அத்துணிவு இல்லாதோர் செல்லாதிருப்பதே அக்கலைக்குச் செய்யும் தொண்டு.